நீதிக்கு எதற்குப் பொன்னாடை?

அம்பத்தூர் எஸ்டேட் சாலை, ஆவடி செக்போஸ்ட், பூந்தமல்லி டிரங்க் ரோடு. எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் முகூர்த்தம் இல்லாத நாளிலும் வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தால், உள்ளே பாராட்டு விழா என்று அர்த்தம். ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு நடக்கும், ரத்ததானம் செய்தவருக்கு நடக்கும், பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கும் நடக்கும். வக்கீலுக்கோ நீதிபதிக்கோ நடக்கும்போது மட்டும் கூட்டத்தின் உடம்பு மாறிவிடும். அவர் உள்ளே வரும்போது முன்வரிசை மொத்தமும் எழுந்து நிற்கும். மைக் பிடிப்பவரின் தமிழ் செந்தமிழாகும். பொன்னாடை, சந்தன மாலை, கண்ணாடிப் பெட்டிக்குள் நினைவுப் பரிசு. அதில் 'தொழில் மேன்மைக்கும் மக்கள் சேவைக்கும்' என்று பொறித்திருக்கும்.

இப்படிப் பல விழாக்களுக்கு நான் போயிருக்கிறேன். தையல் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களோடு சங்க வேலை பார்ப்பவள் என்பதால், "நாற்காலி நிறையணும், நாற்பது லேடீஸ் கூட்டிட்டு வாங்க" என்று அழைப்பு வரும். நாங்கள் உட்காருவது பின்வரிசையில். அங்கே உட்கார்ந்து கைதட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். நீதி எனக்குச் சேர வேண்டியது. சேர வேண்டியதை எனக்குக் கொடுத்தவருக்கு எதற்கு விழா? வங்கியில் என் கணக்கில் இருக்கும் பணத்தை எண்ணிக் கொடுக்கும் காசாளருக்கு யாரும் மாலை போடுவதில்லை. போட்டால் அவரே பயந்துவிடுவார்.

வக்கீல்கள், நீதிபதிகள் மேல் எனக்குக் கோபம் இருப்பதால் இதைக் கேட்கவில்லை. மனசாட்சியோடு உழைக்கும் பலரை நீதிமன்ற வராந்தாக்களில் பார்த்திருக்கிறேன். அவர்களை மதிக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். எப்படி மதிப்பது என்பதுதான் விஷயம். மரியாதை என்ற பெயரில் நாம் செய்யும் காரியம் நீதியைப் பற்றி நமக்கே தப்பாக எதையாவது சொல்லிக்கொடுத்துவிடுகிறதா?

எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண்ணோடு ஜீவனாம்ச வழக்குக்காக நான்கு வருடம் அலைந்தேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். காலை பத்து மணிக்குப் போய் நின்றால், மதியம் மூன்று மணிக்கு அடுத்த தேதி கிடைக்கும். ஒருவழியாக உத்தரவு வந்து, முதல் தவணைப் பணம் கைக்கு வந்த அன்று அவள் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, வக்கீல் மேடத்துக்கு ஒரு சால்வை போடணும். எங்க வாங்குறது?"

அந்த வக்கீல், சட்ட உதவி மையத்திலிருந்து வந்தவர். சால்வையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அதை அவள் தோளிலேயே போட்டார். "இதுக்கு அரசாங்கம் எனக்கு ஃபீஸ் குடுக்குதும்மா. கம்மிதான், ஆனா குடுக்குது. நாலு வருஷம் நின்னது நீ" என்றார். அவள் அழுதாள். சந்தோஷத்தில் இல்லை. நன்றியைக்கூட வாங்கிக்கொள்ளவில்லையே என்ற வருத்தத்தில்.

சட்டம் என்ன சொல்கிறது? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் எந்தப் பெண்ணும் இலவச சட்ட உதவி கேட்கலாம். அரசியலமைப்பின் 39-ஏ பிரிவு அதை அரசின் கடமை என்கிறது. அதாவது அவளுக்குக் கிடைத்த வக்கீல் தானமாக வந்தவர் இல்லை, ஜீவனாம்சமும் பிச்சை இல்லை. ஆனால் இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் நன்றி ஒன்றைத்தான். படிக்க வைத்த அப்பாவுக்கு நன்றி. வேலைக்கு அனுப்பும் புருஷனுக்கு நன்றி. மாதவிலக்கு நாளில் பாத்திரம் கழுவிக் கொடுத்தால் "அவர் தங்கமானவர்" என்று ஊரெல்லாம் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு உரிமையாக வருவதெல்லாம் அவள் கைக்கு வந்து சேரும்போது கருணையாக மாறியிருக்கும். கருணைக்குக் கைமாறு பணிவு. பணிந்தவள் அடுத்த முறை கேட்கத் தயங்குவாள்.

பாராட்டு விழா இந்தப் பழக்கத்துக்கு மேடை போட்டுக் கொடுக்கிறது என்பதுதான் என் முதல் குறை. 'ஏழைப் பெண்களுக்கு வாழ்வளித்தவர்' என்று மேடையில் சொல்லும்போது, வாழ்வளிக்கப்பட்டவர்களாகப் பின்வரிசையில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. கதை எல்லோருக்கும் தெரியும். இளவரசனின் தேர்க்காலில் கன்று அடிபட்டுச் சாகிறது. தாய்ப்பசு அரண்மனை வாசலுக்குப் போய் ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இடச் செய்கிறான். இந்தக் கதையில் நீதிக்குப் பெயர் அரசன். புகழ் அவனுக்கு, சிலை அவனுக்கு. பசுவுக்குப் பெயரே இல்லை. ஆனால் கதை தொடங்குவது யாரால்? செத்த கன்றை விட்டுவிட்டு, ஆட்களும் குதிரைகளும் போகும் தெரு வழியாக நடந்து வந்து, மனிதர்களுக்காகக் கட்டிய மணியின் கயிற்றை இழுத்ததே, அந்தப் பசுவால். அது வராமல் இருந்திருந்தால் அரசன் நீதிமான் என்பது அவனுக்கே தெரிந்திருக்காது.

இன்னொன்றும் தோன்றும். பசு என்ன கேட்டது? அது கேட்டது இளவரசனின் உயிரையா? தெருவில் தேரை மெதுவாக ஓட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம். அதை யாரும் விசாரித்ததாகக் கதையில் இல்லை. அரசன் தன் நீதியின் உயரத்தைக் காட்ட, தன் அளவுக்கு ஒரு தண்டனையைத் தேர்ந்தெடுத்தான். மகனைப் பெற்றவளிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடுப்பவரின் பெருமை மையத்துக்கு வந்துவிட்டால், கேட்டவளுக்கு என்ன தேவை என்பது இப்படித்தான் ஓரத்துக்குப் போகும். நம் பாராட்டு விழாக்கள் எல்லாம் இந்தக் கதையின் பேரப்பிள்ளைகள்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அது வலுவானது. என் தோழிகளில் வக்கீல்களாக இருப்பவர்கள் என்னிடம் சண்டை போடும் இடமும் அதுதான். "ஆம்பளைங்க நூறு வருஷமா மாலை வாங்கினாங்க. இப்பதான் எங்க கழுத்துக்கு வருது. இப்ப போய் மாலையே தப்புன்னு சொல்றியா?"

நியாயமான கோபம். இந்தியாவில் பெண்கள் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்று சொல்ல 1923-இல் தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் தொடங்கியது. அங்கே முதல் பெண் நீதிபதியாகப் பத்மினி ஜேசுதுரை பதவியேற்றது 1986-இல். நடுவில் 124 ஆண்டுகள். உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி வந்தது 1989-இல். மூத்த வழக்கறிஞர் என்ற அந்தஸ்தை உச்ச நீதிமன்றம் லீலா சேத்துக்குக் கொடுத்தது 1977-இல். அடுத்த பெண்ணாக இந்து மல்ஹோத்ராவுக்குக் கிடைத்தது 2007-இல். முப்பது வருடம் ஒரு பெண்கூடத் தகுதியோடு இல்லாமலா போனார்கள்?

1979-இல் பிகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களுக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வக்கீல். பொதுநல வழக்கு என்று நாம் இன்று சொல்லும் கதவைத் திறந்த வழக்குகளில் அது ஒன்று. உச்ச நீதிமன்ற நூலகச் சுவரில் அவர் படம் ஏறியது 2017-இல். அங்கே ஏறிய முதல் பெண் படம் அதுதான். அதுவரை அந்தச் சுவர் ஆண் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டம் படிக்கும் ஒரு பெண், அந்தச் சுவரைப் பார்த்து இது தனக்கான இடம் இல்லை என்று நினைத்தால் அதற்குச் சுவரும் பொறுப்பு. எனவே படம் வேண்டும், பெயர் வேண்டும், கவுன் வேண்டும். இதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

ஆனால் பெண் வக்கீல்களுக்கு மாலை விழும்போது மேடையில் பேசப்படுவதைக் கவனித்திருக்கிறீர்களா? "வீட்டையும் கவனித்துக்கொண்டு, பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, நீதிமன்றத்திலும் சாதித்தவர்." ஆண் வக்கீலைப் பற்றி யாரும் இப்படிச் சொல்வதில்லை. அவருடைய விழாவில் கடைசியாக அவர் மனைவியை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பூங்கொத்து கொடுப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். முப்பது வருட உழைப்புக்கு முப்பது நொடி.

வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் நீதிமன்றம் மேடையைவிட முன்னால் போய்விட்டது. சாலை விபத்தில் இறந்துபோன இல்லத்தரசி ஒருவருக்கான இழப்பீட்டு வழக்கில், 2009-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் எழுதிய தீர்ப்பு, வீட்டுவேலைக்கு மதிப்பில்லை என்ற வாதத்தை ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் இதேபோன்ற ஒரு வழக்கில் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து உழைக்காதவர்கள் பட்டியலில் வைத்திருப்பதையும் கண்டித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இன்னும் ஒரு படி மேலே போனார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, மனைவி ஊரில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். அப்படிச் சேர்ந்த சொத்தில் மனைவியின் வீட்டு உழைப்பும் இருக்கிறது, அவருக்குப் பாதிப் பங்கு உண்டு என்றார்.

இந்தத் தீர்ப்புகளைச் சட்டத்துறையினரின் சாதனைக்கே பொருத்திப் பார்த்தால் என்ன வரும்? ஒருவரின் 'தொழில் மேன்மை' என்ற சொத்தில் எத்தனை பேரின் பங்கு இருக்கிறது? இரவு இரண்டு மணிக்கு டீ போட்டுக் கொடுத்தவர், கட்டுகளைத் தூக்கிக்கொண்டு படியேறிய குமாஸ்தா, பெயர் வராமல் மனு எழுதிய ஜூனியர், வராந்தாவைப் பெருக்கும் அம்மா. ஜூனியர்களில் பெண்கள் எத்தனை பேர் கல்யாணத்துக்குப் பிறகு, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தொழிலை விட்டுப் போனார்கள்? அவர்களுடைய மேன்மை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது?

இனி பூந்தமல்லிக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் நடந்த வழக்குகளிலேயே உலகம் கவனித்தது ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. ராஜீவோடு சேர்ந்து காவலர்கள், கட்சிக்காரர்கள், பெண்கள், ஒரு சிறுமி என்று வேறு பலரும் செத்துப்போனார்கள். அதே பெங்களூரு சாலையில், சென்னைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும் பூந்தமல்லியின் தடா சிறப்பு நீதிமன்றத்தில் விசாரணை மூடிய கதவுக்குள் நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்குத் தண்டனை. ஒருவர்கூட மிச்சமில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. மூன்று பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. நால்வருக்குத் தூக்கு உறுதியானது.

நான் இங்கே யார் குற்றவாளி, யார் நிரபராதி என்று பேச வரவில்லை. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் நீதி பாக்கி இருந்தது. நான் கேட்பது வேறு. 1998 ஜனவரி மாதக் கடைசியில் அந்தத் தீர்ப்புக்கு ஒரு பாராட்டு விழா வைத்திருந்தால் அது எதைப் பாராட்டியிருக்கும்? நாட்டின் கோபத்துக்குப் பொருத்தமாக இருந்ததையா? பதினைந்தே மாதத்தில் 19 பேர் விஷயத்தில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. தீர்ப்பு நல்லதா என்று தீர்ப்பு நாளில் தெரியாது. சில நேரம் முப்பது வருடம் ஆகும்.

அந்த முப்பது வருடத்தை நடந்தே கடந்தவர் அற்புதம்மாள். மகன் பேரறிவாளன் கைதானபோது வயது 19. பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம்தான் அவர்மேல் இருந்த முக்கியமான சாட்சியம். எதற்காக என்று தெரியாமல் வாங்கிக் கொடுத்ததாக அவர் சொன்ன பகுதியைத் தான் பதிவு செய்யவில்லை என்று, வாக்குமூலம் வாங்கிய சிபிஐ அதிகாரி ஓய்வு பெற்ற பிறகு 2013-இல் வெளியே சொன்னார். அந்த 22 வருடமும் அற்புதம்மாள் சிறை வாசலில், வக்கீல் அறைகளில், அமைச்சர் வீட்டு வாசலில் கையில் ஒரு பையோடு நின்றார். 2014-இல் தூக்கு ரத்தானது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுதலை செய்தது. அதே ஆண்டு நவம்பரில் நளினி உட்பட மற்ற ஆறு பேரும் விடுதலையானார்கள்.

இந்த நீண்ட கதையில் நான் மதிக்கும் சட்டத்துறை மனிதர் ஒருவர் இருக்கிறார். 1999-இல் தூக்கை உறுதி செய்த மூன்று நீதிபதிகளின் அமர்வுக்குத் தலைமை வகித்த கே.டி. தாமஸ். அன்றே நளினியின் தூக்கு விஷயத்தில் மற்ற இருவரோடு உடன்படாமல் எழுதினார். சிறு குழந்தையின் தாய் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. பெண்ணை உயிரோடு விட அவளிடம் தாய்மையைத் தேடும் அந்த வாதத்தோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் 2013-இல், இத்தனை வருடம் சிறையில் இருந்தவர்களை இப்போது தூக்கிலிட்டால் அது ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை என்று அவர் வெளிப்படையாகப் பேசினார். தன் கையெழுத்து இருக்கும் தீர்ப்பைப் பற்றி, ஓய்வுக்குப் பிறகு, யாரும் கட்டாயப்படுத்தாதபோது. தொழில் மேன்மை என்று நான் எதையாவது சொல்வதானால் இதைச் சொல்வேன். தன் தீர்ப்பைத் தானே திரும்பிப் பார்க்கிற தைரியம். எந்த நினைவுப் பரிசிலும் இந்த வரியை நான் பொறித்துப் பார்த்ததில்லை.

அப்படியானால் மாலையை நீதிபதியிடமிருந்து எடுத்து, மணி அடித்தவளின் கழுத்தில் போட்டுவிடலாமா? பெண்ணியக் கூட்டங்களில் நாங்கள் செய்வது பெரும்பாலும் அதைத்தான். ரொம்ப நாள் இதுதான் விடை என்று எனக்கும் படும். பன்வாரி தேவியின் கதை அந்த விடையைக் கலைத்துப் போடுகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கொஞ்சம் ஒழுங்காக நடக்கும் எந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்குள் போனாலும், பஞ்சிங் மெஷின் பக்கத்துச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு, உறுப்பினர் பெயர்கள், போன் எண். பல இடங்களில் அந்தக் காகிதம் ஆடிட் வருவதற்காக மட்டும் ஒட்டியது. ஆனாலும் அது இருக்கிறது. அது அங்கே வந்த வழி நீளமானது. ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் அரசுத் திட்டத்தில் 'சாத்தின்' என்ற ஊழியராக வேலை செய்த பன்வாரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அதற்குப் பழிவாங்க 1992-இல் ஆதிக்க சாதி ஆண்கள் அவரைக் கூட்டு வன்புணர்வு செய்தார்கள். 1995-இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வேலை செய்யும் இடத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போய், 1997-இல் விசாகா வழிகாட்டுதல்களைப் பெற்றன. அதிலிருந்து 2013-இல் சட்டம் வந்தது. சட்டத்திலிருந்து இந்தக் காகிதம் வந்தது.

விசாகா தீர்ப்பை எழுதியவர்களை நாடு கொண்டாடியது. கொண்டாடலாம். பன்வாரி தேவிக்கும் விருது கிடைத்தது. துணிச்சலுக்காக 1994-லேயே நீரஜா பனோட் விருது கொடுத்தார்கள். மேடை கிடைத்தது, மாலை கிடைத்தது, கைதட்டல் கிடைத்தது. கிடைக்காதது அவர் கேட்டுப்போன நீதி மட்டும். விடுதலையை எதிர்த்த மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் பல பத்தாண்டுகள் தூங்கியது. குற்றவாளிகளில் சிலர் இயற்கையாகவே செத்துப்போனார்கள்.

நீதி கொடுக்க முடியாதவர்கள் விருது கொடுக்கிறார்கள். நீதிக்குப் பதிலாக மரியாதை. நீதிபதிக்குப் போடும் மாலை உரிமையைக் கருணையாக மாற்றுகிறது என்றால், வழக்காடியவளுக்குப் போடும் மாலை கடனை விழாவாக மாற்றிவிடுகிறது. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். கணக்கு முடிந்துவிட்டது என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். எனக்குப் பாராட்டு விழாவில் பிடிக்காதது பொன்னாடை இல்லை. அந்தக் கணக்கை மூடும் வேலைதான்.

எனவே நான் வந்து சேரும் இடம் இது. நீதிக்கு நன்றி சொல்லத் தேவையில்லை. நீதிக்காக உழைத்தவர்களை மதிக்கலாம், மதிக்க வேண்டும். ஆனால் அந்த மதிப்பு கணக்கை மூடுவதாக இல்லாமல், திறந்து வைப்பதாக இருக்க வேண்டும். கேள்வி கேட்காத மரியாதைக்குப் பெயர் பயம், இல்லையென்றால் காரியம்.

காரியம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 1997-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல்லோரும் சேர்ந்து தங்களுக்கென ஒரு நன்னடத்தை விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டார்கள். குடும்பத்தினர், நெருங்கிய உறவினர், நண்பர் தவிர வேறு யாரிடமும் பரிசோ விருந்தோம்பலோ பெறக் கூடாது, தன் நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்களோடு தனிப்பட்ட நெருக்கம் கூடாது என்று அதில் இருக்கிறது. பதவியில் இருக்கும் நீதிபதிக்கு அவர் முன் வழக்காடுபவர்கள் எடுக்கும் விழாவை இந்த வரிகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த விழாவில் ஆளுயர மாலை வாங்கித் தர வசதி உள்ள வக்கீலும், மறுநாள் காலை அதே நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பில் நிற்கும் இலவச சட்ட உதவி வக்கீலும், சமமாக நிற்கிறார்கள் என்று வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பெண் நம்ப வேண்டும். நீதி நடந்தால் மட்டும் போதாது, அவளுக்கு அந்த நம்பிக்கையும் வர வேண்டும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இருந்தார். நீதிபதி கே. சந்துரு, தன்னை 'மை லார்டு' என்று அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர். 2013 மார்ச்சில் ஓய்வு பெற்றபோது வழக்கமான பிரிவுபசார விழா வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார். கடைசி நாளில் சொத்துக் கணக்கை ஒப்படைத்துவிட்டு, அரசுக் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். அந்த ரயில் பயணம் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது, நாம் அதையும் ஒரு புகழ்க்கதையாக மாற்றிக்கொண்டோம். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் பிறகு செய்த வேலை. தமிழ்நாட்டு நீதிமன்றங்களுக்கு வந்த பெண்களின் வழக்குகளைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 2021-இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் நடுவில் நிற்பவர்கள் மணி அடிக்க வந்த பெண்கள். விழாவை மறுத்தது மட்டும் போதும் என்று அவர் நிற்கவில்லை. வெளிச்சத்தைத் திருப்பி வைத்தார்.

நம்மாலும் திருப்ப முடியும். எங்கள் சங்கத்தில் இப்போது ஒரு பழக்கம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தீர்ப்பை எடுத்து, தமிழில் சொல்லி, பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து பேசுவோம். வீட்டுவேலைக்குப் பாதிப் பங்கு என்ற தீர்ப்பைப் பேசிய அன்று, டெய்லர் லைனில் இருக்கும் ஒரு அக்கா கேட்டார்: "அப்ப என் வீட்டுப் பத்திரத்துல என் பேரு ஏன் இல்ல?" அடுத்த வாரம் அவர் வீட்டில் சண்டை. சண்டை இன்னும் முடியவில்லை. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதிக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்த மண்டபத்திலும் செய்ய முடியாது என்று நினைக்கிறேன். ஒரு தீர்ப்பை மதிப்பது என்றால் அதைப் பயன்படுத்துவது.

விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வையுங்கள். பதவியில் இல்லாதவருக்கு வையுங்கள். பின்வரிசைப் பெண்களில் ஒருத்தியை மேடைக்கு அழைத்து, அந்த வக்கீலிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கிய வாய்தாக்களில் எத்தனை தேவையில்லாதவை? உங்களிடம் வேலை பார்த்த பெண் ஜூனியர்கள் இப்போது எங்கே? நீங்கள் தோற்ற வழக்குகளில் தோற்றிருக்கக் கூடாத வழக்கு எது? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்பவருக்கு நானே முன்வரிசைக்கு வந்து கைதட்டுவேன்.

மிச்சமாகும் மாலைக் காசில், வாய்தாவுக்குக் குழந்தையோடு வரும் பெண்கள் உட்கார வராந்தாவில் இரண்டு பெஞ்சு போடுங்கள். தாழ்ப்பாள் சரியாக விழும் ஒரு கழிப்பறையும் இருக்கட்டும். அதன்மேல் யார் பெயரையும் பொறிக்க வேண்டாம்.